முதல் இரவுக்கு எந்த மருந்து?

அந்தச் சிறுவனுக்கு இரண்டு வயது. இரவெல்லாம் குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. டான்சிலையும் அடினாய்டையும் எடுத்துவிட்டு, வலிக்குப் பாரசிட்டமாலும் கோடீனும் கலந்த சிரப்புடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கமான அளவுதான். இரண்டாம் இரவு தாண்டவில்லை. கனடா ஆய்வாளர்கள் 2009-இல் இந்த மரணத்தை மருத்துவ இதழில் விவரித்தார்கள்.

கோடீன் தன்னளவில் சாது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மார்ஃபினாக மாற்றிய பிறகே வலி அடங்கும். சிலருக்கு மரபிலேயே இந்த நொதியின் வேகம் அதிகம். அதே அளவு சிரப்பிலிருந்து அவர்கள் ரத்தத்தில் மார்ஃபின் மளமளவென ஏறிவிடும். இறந்த சிறுவனும் அந்த வகைதான்.

ஆனால் பழியை மரபணு மீது மட்டும் போட முடியாது. இரவுதோறும் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்து பழகிய குழந்தைகளுக்கு, மற்றவர்களுக்குத் தேவைப்படும் மார்ஃபினில் ஏறக்குறைய பாதியே வலியை அடக்கிவிடுகிறது என்று மான்ட்ரியலில் கேரன் பிரவுன் குழுவினர் கண்டிருந்தார்கள். வலி சீக்கிரம் அடங்குவது நல்லதுதானே என்று தோன்றலாம். மூச்சும் அப்படியே சீக்கிரம் மந்தமாகும் என்பதுதான் சிக்கல். தவிர, டான்சிலை எடுத்த அன்றே மூச்சுப்பாதை திறந்துவிடாது, தொண்டை வீங்கியிருக்கும்.

இந்த அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாதென்று 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல் 12 வயதுக்குட்பட்ட எவருக்குமே ஆகாது என்றது.

அப்படியானால் நேரடியாக மார்ஃபினையே கொடுத்தால்? ஹாமில்டனிலும் டொராண்டோவிலும் அதைச் சோதித்தார்கள். தூக்க மூச்சுத்திணறல் உள்ள 91 குழந்தைகளில் ஒரு பிரிவுக்குப் பாரசிட்டமாலுடன் மார்ஃபின், மறு பிரிவுக்குப் பாரசிட்டமாலுடன் ஐபுப்ரோஃபென். முதல் இரவில் ஆக்சிஜன் சரிவு குறைந்தவர்கள் ஐபுப்ரோஃபென் பிரிவில் 68 சதவீதம். மார்ஃபின் பிரிவில் வெறும் 14. வலி நிவாரணத்தில் வித்தியாசமே இல்லை! 2015-இல் முடிவுகள் வெளியான இந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஐபுப்ரோஃபென் ரத்தத் தட்டணுக்களின் வேலையைக் குறைப்பதால், தையல் போடாத தொண்டைப் புண் கசியுமோ என்ற அச்சம் அறுவை மருத்துவர்களுக்கு நெடுநாளாக உண்டு. நியாயமான அச்சம். மேற்படி ஆய்வில் இரு பிரிவுகளுக்குமிடையே ரத்தக்கசிவில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அரிதான கசிவைக் கணக்கிட 91 பேர் போதாது. அதையும் எடைபோட்டே, 2019-இல் அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல் ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால் இரண்டில் ஒன்றையோ, இரண்டையுமோ பரிந்துரைத்தது. அறுவையின்போது நரம்பு வழியே ஒரே ஒரு டோஸ் டெக்ஸாமெத்தசோனும் போடச் சொல்கிறது. வாந்தியும் வலியும் குறையும். மூச்சை அதிகம் அடக்காத டெக்ஸ்மெடிடோமிடினைச் சில மயக்கவியல் நிபுணர்கள் துணைக்குச் சேர்க்கிறார்கள்.

மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தாலோ, இந்தக் கோளாறுள்ள குழந்தைக்கு மூன்று வயது நிரம்பாவிட்டாலோ அன்றிரவு வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையிலேயே கண்காணிக்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல்.