எளியோர் கையில் நாளிதழ்

நாளிதழ் கற்றோர்க்கு மட்டுமே உரியதன்று என்பதைச் செயலால் நிறுவியவர் சி. பா. ஆதித்தனார். இலண்டனில் சட்டம் பயின்று, சிங்கப்பூரில் வழக்கறிஞராக விளங்கிய அவர், 1942ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். பின்னாளில் அது ‘தினத்தந்தி’ எனப் பெயர் பெற்றது.

சிறு தொடர்கள், பெரிய தலைப்புகள், படங்கள், மக்கள் வழங்கும் சொற்கள் ஆகியன இதன் இயல்புகள். எழுத்துக்கூட்டிப் படிப்போரும் பொருளுணர வேண்டும் என்பதே நோக்கம். அவருக்குப்பின் இதழை நடத்திய மகன் சிவந்தி ஆதித்தனார், இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவராகவும் விளங்கினார். விளையாட்டுச் செய்திகளும் இவ்விதழில் நிலையான இடம் பெற்றன.

சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை பெங்களூருக்கும் சேலத்துக்கும் பிரியும் சந்திப்பு ஜோலார்பேட்டை. அங்குள்ள தேநீர்க் கடையில், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்கூடங்களுக்குச் செல்வோருள் ஒருவர் முந்தைய நாள் ஆட்டத்தின் முடிவை உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவரும் செவிவழி அறிவர். ஓரிதழ் பலர்க்குப் பயன்படும்.

எளிமை என்பது செய்தியைக் குறைப்பதன்று. அதனை அனைவர்க்கும் உரியதாக்குவது. எளிய தமிழில் எழுதுவோர் மறவாது போற்றவேண்டிய நெறி இது.