மகளுக்குப் பட்டமளிப்பு விழா: முன்னாடியே செய்து வைக்கும் விருந்து



எங்கள் குழு உறுப்பினர் ஒருவருடைய மகள் பட்டப்படிப்பை முடித்தாள். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். பட்டமளிப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை. ரெண்டு பஸ் மாறிப் போகணும். அன்றைக்குச் சாயங்காலமே சொந்தக்காரர், அக்கம்பக்கம் என்று 80 பேருக்குச் சாப்பாடு போட அக்காவுக்கு ஆசை. சமையலுக்கு ஆள் வைக்க 20,000 ரூபாய் உள் கடன் கேட்டார். "கடன் கிடைக்கலேன்னா நான் அடுப்படியிலதான் நிக்கணும். விழாவுக்கு அவ அப்பா மட்டும் போயிட்டு வரட்டும்" என்றார்.

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்காமல் அம்மா வெங்காயம் உரிப்பதா? அதே நேரம் கணக்கையும் பார்க்கணும். எங்கள் குழுவில் உள் கடனுக்கு மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. 20,000 எடுத்தால் முதல் மாத வட்டியே 400. 6,000 எடுத்தால் 120. அரிசி அவர்கள் வயலில் விளைந்தது, வீட்டிலேயே இருந்தது. ஆகவே 6,000 போதும், சமையலை நாம் பார்த்துக்கொள்வோம் என்று தீர்மான நோட்டில் எழுதினோம். எப்படிச் செய்தீங்க என்று மற்ற குழுக்களில் கேட்டதால் இங்கே சொல்கிறோம்.

முதலில், சூடாகப் பரிமாறினால்தான் ருசி என்கிற பண்டங்களை ஒதுக்கினோம். வடை, பூரி வேண்டாம். கறிச்சோறு இல்லாமல் விருந்தா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கறி மணிக்கணக்கில் காத்திருக்காது. வெயில் காலத்தில் அந்த வம்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். புளியோதரை, தயிர் சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல், ரவா லட்டு, வடகம், மாங்காய்த் தொக்கு, ஆளுக்கொரு வாழைப்பழம். இவ்வளவுதான்.

ஒரு வாரம் முன்னாடியே புளிக்காய்ச்சல் செய்துவிட்டோம். 6 கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ புளி, முக்கால் லிட்டர் நல்லெண்ணெய், அரைக் கிலோ வேர்க்கடலை. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை காய்ச்சணும். அவசரப்பட்டு இறக்கினால் கெட்டுப்போகும். புளிப்புப் பண்டத்தை அலுமினியப் பாத்திரத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ வைக்கவே கூடாது. பீங்கான் ஜாடி அல்லது எவர்சில்வர் டப்பா நல்லது. ஈரக் கரண்டி போடாதீங்க.

வியாழக்கிழமை 2 கிலோ ரவை, 2 கிலோ சர்க்கரை, முக்கால் கிலோ நெய்யில் 160 லட்டு பிடித்தோம். ஆளுக்கு ரெண்டு. பால் தெளித்துப் பிடித்தால் சீக்கிரம் கெடும், தேங்காய் போட்டாலும் அப்படித்தான். நெய் கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை. வெள்ளி இரவு 3 கிலோ கொண்டைக்கடலையை ஊறப்போட்டோம். சனிக்கிழமை காலையில் வடகம் பொரித்து, ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் போட்டு மூடினோம்.

சாதம் மட்டும் முதல் நாள் வடிக்கக் கூடாது. இதில் பலபேர் ஏமாந்துபோகிறோம். அரிசியில் இருக்கிற ஒருவகைக் கிருமி, கொதித்தாலும் முழுசாகச் சாகாது. வடித்த சாதத்தைச் சூட்டோடு அண்டாவில் குவித்து மூடி வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தக் கிருமி பெருக அது போதும். அப்புறம் சூடு பண்ணினாலும் அது விட்டுப்போன நஞ்சு போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் இப்படித்தான் வருது. அதனால் சனிக்கிழமை மதியம்தான் வடித்தோம். தாம்பாளங்களில் மெல்லிசாகப் பரப்பி, கால் லிட்டர் நல்லெண்ணெய் ஊற்றி, நன்றாக ஆறவிட்டுப் புளிக்காய்ச்சல் கலந்தோம். அதற்குப் பின் நாலஞ்சு மணி நேரம் ஊறினால்தான் புளியோதரைக்கே ருசி வருது.

தயிர் சாதத்துக்கு 4 கிலோ அரிசியைக் குழைய வேகவைத்து மசித்து, காய்ச்சி ஆறவைத்த 8 லிட்டர் பாலும் அரை லிட்டர் தயிரும் மட்டும் சேர்த்தோம். முழுக்கத் தயிர் விட்டால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். மூணு மணிக்குக் கலந்தது ஏழு மணிக்குச் சரியாக இருந்தது. சுண்டலையும் மதியத்துக்கு மேல்தான் வேகவைத்துத் தாளித்தோம். தேங்காய் சேர்க்கவில்லை.

பந்தி போடாமல் பஃபே முறையில் ரெண்டு மேசை போட்டோம். ஒரே மேசை என்றால் வரிசை நகராது. தட்டு, லட்டு, புளியோதரை, சுண்டல், தயிர் சாதம் என்று வரிசை. தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைக்கணும், இல்லேன்னா அங்கேயே கூட்டம் நின்றுவிடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு உறுப்பினர் கரண்டியோடு நின்றார். சாப்பாடு வீணாகவில்லை, ஆளாளுக்குக் கை வைக்கவும் இல்லை. "நின்னுக்கிட்டுத் திங்கிறது என்ன மரியாதை" என்று வயதானவர்கள் நினைப்பாங்க. அதில் தப்பில்லை. அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தட்டை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். பாக்குமட்டைத் தட்டுதான் வாங்கினோம். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு எல்லாவற்றுக்கும் தடை இருக்கிறது.

ஆறரை மணி பஸ்ஸில் அக்காவும் மகளும் வந்து இறங்கினார்கள். அக்கா நேரே அடுப்படிக்குத்தான் போனார். அங்கே அடுப்பு அணைந்து கிடந்தது. முதல் தட்டை அவர் கையில் கொடுத்து உட்காரச் சொன்னோம்.

எங்கள் கணக்கும் ஒரு இடத்தில் தப்பியது. வெக்கைக்குத் தயிர் சாதத்தையே எல்லாரும் ரெண்டாம் தடவை கேட்டார்கள். கடைசியில் வந்த ஏழெட்டுப் பேருக்கு இல்லாமல்போய், பக்கத்து வீட்டில் மோர் வாங்கிச் சமாளித்தோம். புளியோதரை ஒரு குண்டான் மிஞ்சியது. அதை அன்று இரவே தெருவில் கொடுத்துவிட்டோம். அடுத்த தடவை ரெண்டுக்கும் ஆளுக்குப் பாதியாக, அஞ்சு அஞ்சு கிலோ அரிசி போடலாம் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறோம்.