ஒரே குக்கரில் ராத்திரிச் சாப்பாடு: மாட்டுக்கறி மக்ரோனி

"என்ன மைனி, இன்னைக்கு ராத்திரிக்கு என்ன?"

சாயங்காலம் ஆறு மணி அடித்தால் எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் இந்தக் கேள்விதான். வருஷத்தில் பத்து மாதம் இதற்குப் பதில் சொல்வது சுலபம். தூத்துக்குடியில் வாக்கப்பட்டவளுக்கு மீன் இருக்கும்போது என்ன கவலை? சாளையோ, நகரையோ, காசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் சீலாவோ வாங்கி ஒரு குழம்பு வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையைவிட்டு நகரக் கூடாது. மீன் முட்டை போடுகிற காலம் என்று அரசாங்கம் விதித்த தடை. 2017-லிருந்து இது 61 நாள். வள்ளமும் நாட்டுப்படகும் கொண்டு வருகிற மீன் ஊருக்கே பங்கு போட வேண்டியிருப்பதால், விலை கேட்டுவிட்டுக் கூடையைத் திருப்பிக்கொண்டு வருகிற நாட்கள்தான் அதிகம்.

அந்த இரண்டு மாதத்துக்காக நான் கற்றுக்கொண்ட சமையலைத்தான் எழுதப் போகிறேன். மாட்டுக்கறி மக்ரோனி. மாட்டுக்கறி என்றதும் சில சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அது அவரவர் வீட்டு வழக்கம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆட்டுக் கொத்துக்கறியிலும் இதே முறை செல்லும். ஆனால் எங்கள் கரையில் பல வீடுகளில் வாராவாரம் வேகிற கறிதான் இது. பத்திரிகைச் சமையல் பக்கத்தில் மட்டும் ஏனோ தலைகாட்டுவதில்லை. ஆட்டுக்கறி விற்கிற விலையில் பாதிகூட இல்லை என்பதை ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் அவ்வளவு லேசாக ஒதுக்கிவிட முடியுமா?

ருசியும் காசும் தவிர எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்து எட்டு மாதம் இருக்கும். மாடிப்படி நாலு ஏறினால் மூச்சு வாங்கும். சாயங்காலம் குசினிக்குள் நுழைந்தாலே கண் இருட்டும். (குசினி என்றால் எங்கள் ஊரில் அடுப்படி. ஜன்னல், சாவி, அலமாரி மாதிரி இதுவும் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல்தான்.) சோம்பேறித்தனம் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். ரத்தம் சோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.5. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். "இத்தனை நாள் எப்படிம்மா வேலை பார்த்தே?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இது என் ஒருத்தி கதை இல்லை. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 வயது முதல் 49 வயது வரை உள்ள நம் நாட்டுப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று கண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் உங்களையும் எண்ணினால் ஒருத்திக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டாக்டரம்மா இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். கூடவே சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதுதான் என் மனதில் நன்றாகப் பதிந்தது. கீரையிலும் பருப்பிலும் இரும்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் சிறு பங்கைத்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும். கறியில் இருக்கிற இரும்பு வேறு ஜாதி, அது சுலபமாக ரத்தத்தில் சேரும். அதோடு, கூடச் சாப்பிடுகிற கீரை, பருப்பின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தக்காளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்பில் இருக்கிற வைட்டமின் சி அதற்குத் துணை. டீயும் காப்பியும் எதிரி. நானோ சாப்பிட்டுக் கை கழுவின கையோடு டீ குடிக்கிறவள்! அதை இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் மாட்டுக்கறியில் இரும்பு இரண்டு, இரண்டரை மில்லிகிராம்தான். நம் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆகவே கறி சாப்பிடுகிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

மக்ரோனி எங்கள் வீட்டுக்கு வந்தது கொழும்பு வழியாக. எங்கள் மாமியாரின் தங்கை வெகுகாலம் அங்கே இருந்தவர். அங்கே மக்ரோனியும் மாட்டுக்கறியும் வீட்டுச் சமையல்தான். ஒரு தடவை வந்திருந்தபோது அவர்தான் செய்து காட்டினார். மாமியாருக்கு முதலில் பிடிக்கவே இல்லை. "ஏட்டி, ஓட்டை போட்ட சேமியாவுக்கா இவ்வளவு காசு?" என்றார். மாமனார் அந்தக் காலத்தில் சங்கு குளிக்கப் போனவர். காலையில் வெறும் வயிறாய்க் கடலுக்குப் போய்விட்டு வந்து ராத்திரிதான் வயிறாரச் சாப்பிடுவார். அதனால் ராத்திரி சோறு இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை என்பது எங்கள் மாமியார் கட்சி.

ஒரு விதத்தில் அவர் சொன்னது சரிதான், மக்ரோனி சேமியாவுக்கு அக்கா முறை. வாங்கும்போது பாக்கெட்டில் டூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்தக் கோதுமை கெட்டி ரகம், வெந்தாலும் குழையாது. வெறும் மைதாவில் செய்தது கொஞ்சம் அசந்தால் களியாகிவிடும்.

நாலைந்து பேருக்கு அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கறி அரைக் கிலோ, மக்ரோனி கால் கிலோ, பெரிய வெங்காயம் 2, நன்றாகப் பழுத்த தக்காளி 4, இஞ்சி பூண்டு விழுது 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் கொஞ்சம், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, கறிவேப்பிலை, எண்ணெய் 2 மேஜைக்கரண்டி, உப்பு. உப்புக்கு நாங்கள் எங்கே போக வேண்டும், ஊரைச் சுற்றி உப்பளம்தான்!

கடையில் தொடைக்கறியாகக் கேளுங்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கே, சுண்டு விரல் நுனி அளவுக்குப் பொடியாக நறுக்க வேண்டும். நார் நீளத்துக்கு வெட்டினால் எவ்வளவு வேகவைத்தாலும் பிள்ளைகள் ரப்பரைப் போலச் சவைத்துக்கொண்டே இருக்கும்.

5 லிட்டர் குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, வெங்காயம் போட்டுச் சிவக்க வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுது போட்டுப் பச்சை வாசனை போனதும் கறியைப் போட்டு, தீயைக் கூட்டி, ஐந்து நிமிஷம் பிரட்டுங்கள். கறி விட்ட தண்ணீர் சுண்டி, அடியில் லேசாகப் பிடிக்கிற மாதிரி வர வேண்டும். ருசி அங்கேதான் பிறக்கிறது, அவசரப்படாதீர்கள். பிறகு தக்காளி, தூள் வகைகள், உப்பு, 2 கப் தண்ணீர் சேர்த்து மூடி வெயிட் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிஷம். கிழட்டு மாடாக இருந்தால் அரைமணி கூட ஆகும். குக்கருக்குள் சூடு 120 டிகிரிக்குப் போவதால்தான் இவ்வளவு சீக்கிரம் நடக்கிறது. சாதாரணச் சட்டியில் ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும்.

ஆவி தானாக அடங்கியபின் திறந்து ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் மக்ரோனியைக் கொட்டி, சுடுதண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு என்றால், கிளறி மட்டப்படுத்திய பிறகு மக்ரோனிக்கு மேல் அரை விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தனியாக வேகவைத்து வடிக்கிற வேலையே இல்லை. கறிச்சாறு முழுவதையும் மக்ரோனி குடித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மக்ரோனி போட்டபின் குக்கர் மூடியைப் பூட்டி வெயிட் போடாதீர்கள். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். விசில் வரவே இல்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன். மாவுச்சத்து நுரைத்துப் பொங்கி ஆவிக்குழாயை அடைத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டது. சுவரெல்லாம் மக்ரோனி. நல்லவேளை, பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. மாமியார் ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஆகவே, சும்மா ஒரு தட்டை மேலே வைத்து, தீயை மிதமாக்கி, 10 முதல் 12 நிமிஷம். நடுவில் இரண்டு தடவை அடியோடு கிளறிவிடுங்கள், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் சாறு இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஆற ஆற இறுகிவிடும். இறக்குவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் நான் ஒரு கை முருங்கைக்கீரை உருவிப் போடுகிறேன். கொழும்புச் சின்னம்மைக்கு இது தெரிந்தால் சிரிப்பார். ஆனால் கறியும் கீரையும் ஒரே தட்டில் சேர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதற்கு இதைவிட லேசான வழி எனக்குத் தெரியவில்லை. கடைசியில் எலுமிச்சம்பழம் அரை மூடி.

"இதென்ன சீக்கிரச் சமையல், ஒரு மணி நேரம் ஆகிறதே" என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும்போதே அரைக் கிலோ கூட வாங்கி, உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது மட்டும் போட்டு வேகவைத்து, ஆறியதும் சாற்றோடு மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். திங்கள், செவ்வாய்க்குள் எடுத்து, வெங்காயம் தக்காளி வதக்கி, நன்றாகக் கொதிக்கவிட்டு மக்ரோனியைப் போட்டால் அரைமணியில் சாப்பாடு. கரண்ட் அடிக்கடி போகிற ஊரானால் அதற்குமேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குக் கொத்துக்கறிதான் சரி. வாங்கிய அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். குக்கரில் மூன்று விசில் போதும்.

ஒரு வயது தாண்டிய பிள்ளை இருந்தால் மிளகாய்த்தூளைக் குறைத்து, கொத்துக்கறியில் செய்து, மக்ரோனியை நன்றாகக் குழைய விட்டு மசித்துக் கொடுங்கள். முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

ஐந்து மாதம் கழித்து என் ரத்தம் 11.4-க்கு வந்தது. மாத்திரைக்கு எத்தனை பங்கு, மக்ரோனிக்கு எத்தனை பங்கு என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "ரெண்டையும் விட்றாதே" என்றார்.

மாமியார் இப்போதும் இதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்வதில்லை. பலகாரம் என்கிறார். "பலகாரம் ஆச்சா? எனக்கும் கொஞ்சம் வை" என்று தட்டை நீட்டுவார். வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி கிடையாது. அன்றைக்கு அதே மசாலாவில் மக்ரோனியை வேகவிட்டு, முக்கால் வேக்காட்டில் கால் கிலோ பொடி இறால் போடுகிறேன். இறாலுக்கு ஐந்து நிமிஷம்தான். அதற்குமேல் விட்டால் அதுவும் ரப்பர்தான்.