டப்பாவில் வரும் தக்காளிச் சாஸ்

பிற மாநிலங்களில் தொழில் நிமித்தம் குடியேறியுள்ள நம் இல்லங்களில் இன்று இத்தாலிய முறைத் தக்காளிச் சாஸ் டப்பாவும் இடம்பெற்றுவிட்டது. அதன் இயல்பையும் பயனையும் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். இது சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் கெட்சப் அன்று. கெட்சப்பில் சர்க்கரையும் வினிகரும் மிகுதி. இதிலோ தக்காளியுடன் எண்ணெய், பூண்டு, உப்பு, துளசியின் இனமான பேஸில் இலை ஆகியவை சேர்ந்திருக்கும். இது தொடுகறி அன்று, சமையலின் அடிப்படை.

தக்காளி இத்தாலியின் பூர்விகப் பயிரும் அன்று. தென் அமெரிக்காவில் தோன்றி, மெக்ஸிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரால் ஐரோப்பா சென்றது. அதனாலேயே, 1690-களில் நேப்பிள்ஸ் நகரில் வெளிவந்த அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூல், தக்காளிச் சாஸை 'ஸ்பானிய முறை' என்றே குறிப்பிடுகிறது. உணவைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையைப் பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர் 1810-இல் நூலாக வெளியிட்டார். அவர் கையாண்டது கண்ணாடிக் கலம். தகர டப்பாவுக்கு இங்கிலாந்தில் அதே ஆண்டு காப்புரிமை வழங்கப்பட்டது.

டப்பாவில் உள்ள சாஸைக் காப்பவை வெப்பமும் புளிப்புமே. காற்றில்லா இடத்தில் பாட்டுலினம் என்னும் கிருமி கொடிய நஞ்சை உண்டாக்கும். புளிப்பைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்கு மேற்படாதிருந்தால் அக்கிருமி வளராது. தக்காளியின் அளவோ இவ்வெல்லையை ஒட்டியே நிற்கிறது. ஆதலால் ஆலைகளில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. வெங்காயம், பூண்டு, காரட் முதலியன கூடக்கூடப் புளிப்புத் தணியும். எனவே, இத்தகைய சாஸை வீட்டில் செய்து குப்பியில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தல் தகாது. உப்பிய டப்பாவையும், கசியும் டப்பாவையும், திறந்தவுடன் பீறிடும் டப்பாவையும் விலக்கிவிட வேண்டும். அவற்றிலுள்ளதைச் சுவைத்துப் பார்ப்பதும் ஆபத்து. நல்ல டப்பாவாயினும், திறந்தபின் எஞ்சியதைக் கண்ணாடிக் கலத்திற்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, 3 அல்லது 4 நாட்களில் பயன்படுத்துவது நன்று.

இனிச் சமையல். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் சிறிது எண்ணெய் காய்ச்சிச் சாஸை ஊற்றி, இளந்தீயில் சற்றே கெட்டிப்பட விடலாம். இரும்புச் சட்டியும் அலுமினியப் பாத்திரமும் புளிப்போடு சேர்ந்து உலோகச் சுவை தரும். டப்பாவிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்த்த பின்னரே மேலும் இடுக. பாஸ்டாவை உப்பு நீரில் வேகவைத்து, அந்நீரில் ஒரு கரண்டி எடுத்துச் சாஸுடன் கலந்தால், சாஸ் நன்கு பற்றிக்கொள்ளும். வறுத்த கத்தரிக்காய்த் துண்டுகளையும் பாலாடைக்கட்டியையும் சாஸுடன் அடுக்கிச் சுடுவது தென் இத்தாலியில் பெயர்பெற்ற உணவு. வேகவைத்த கொண்டைக்கடலைக்கும் இது பொருந்தும். ரசத்திற்கு மட்டும் ஆகாது. பேஸில் மணமும் எண்ணெயும் அதன் தெளிவைக் கெடுக்கும். அதற்குப் பழமே வேண்டும்.

உழைப்பைக் குறைக்கும் பொருளை வரவேற்போம். ஆயினும், டப்பாவை நன்கு பார்த்த பின்னரே திறப்போம்.