கட்டுரைக்குப் பொருள் கடற்கரையில் கிடக்கிறது

பள்ளி ஆண்டு மலர்களையும் கையெழுத்து இதழ்களையும் தேடிப் படிப்பவன் நான். பௌதிகம் கற்பிப்பவனுக்கு இந்த வேலை எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. படிப்பதால்தான் ஒன்றைச் சொல்ல முடிகிறது. ‘இயற்கையின் எழில்’ என்று ஒரு கட்டுரை இருக்கும். அதில் அருவி கொட்டும்; மயில் ஆடும்; பனிமலை பளபளக்கும். எழுதியவர் குடியிருப்பதோ திருவொற்றியூரில்! தெருமுனையிலேயே கடல் இரைகிறது. அந்தக் கடல் மட்டும் கட்டுரைக்குள் வருவதே இல்லை.

சரி, அந்தக் கடலைப் பற்றி என்ன எழுதுவது? ஒரு கேள்வியோடு தொடங்கலாம். மெரினாவில் சாலையிலிருந்து அலையைத் தொட மணலில் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. ராயபுரத்துக்கு வடக்கே போனால் மணலைக் காணோம். கருங்கல் பாறைகளைக் கொட்டிக் கரையைக் காத்திருக்கிறார்கள். ஒரே ஊர், ஒரே கடல். ஏன் இந்த வேறுபாடு?

இரண்டுக்கும் நடுவே இருக்கிறது துறைமுகம். அது வருவதற்கு முன் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரை சேரவேண்டும். 1876-இல் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். கப்பல்களுக்கு அமைதியான நீர் கிடைத்தது. ஆனால் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆற்றுக்கும் அது அணை ஆகிவிட்டது. ஆம், மணல் ஆறு!

அலை பெரும்பாலும் கரைக்கு நேராக வருவதில்லை. சற்றுச் சாய்வாக வருகிறது. ஏறும்போது மணலையும் சாய்வாக ஏற்றிச் செல்கிறது. இறங்கும் நீரோ சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஆகவே ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. அதன் பாதையை வரைந்தால் ரம்பத்தின் பற்களைப் போல இருக்கும். ஆண்டின் பெரும்பகுதியில் நம் கரைக்கு அலைகள் தென்கிழக்குப் பக்கமிருந்து வருவதால் மணல் வடக்கு நோக்கிப் பயணம் செய்கிறது. வடகிழக்குப் பருவக் காலத்தில் சில மாதங்கள் திரும்பித் தெற்கே போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது வடக்கு நோக்கிய நகர்வுதான்.

துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும், வந்த மணல் தெற்குப் பக்கத்தில் தங்கிவிட்டது, மெரினா அகன்றது. 1884-இல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாச் சாலை அமைத்து அந்தப் பெயரைச் சூட்டினார். வடக்கே என்ன ஆயிற்று? வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தின் கதி என்ன ஆகும்? கரை கரைந்தது, மீனவர் வீடுகள் போயின. பாறை கொட்டிய இடம் பிழைத்தது. அரிப்பு அதற்கும் வடக்கே நகர்ந்தது.

அந்த வீடுகள் எங்கே இருந்தன, தெருவுக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை வலை உலர்த்த இடம் இருந்தது என்பதெல்லாம் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் உள்ள முதியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. கேட்டு எழுத ஆள் இல்லையென்றால் அவர்களோடு அதுவும் போய்விடும். உங்கள் பாட்டனாரை விட்டுவிட்டுக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டுவானேன்?

பெரியோர் வரலாறு எழுதும்போதும் இதே கதைதான். ராமானுஜன் என்றதும் ஹார்டி, டாக்சி, 1729 என்று எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். அவர் 1912 மார்ச் முதல் தேதி நம் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தம்மை அறிமுகம் செய்துகொண்டதும் இந்த எழுத்தர் வேலையைச் சொல்லித்தான். ராயபுரத்து மாணவர் நடந்தே போய்விடக்கூடிய தூரம்! காகிதம் விலை அதிகம் என்பதால் கற்பலகையில் கணக்குப் போட்டு அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் குறித்துவைத்தார். வழியைக் காட்டாத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த முடிவுகளுக்கு நிரூபணம் தந்து புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வந்தன. மேதைக்கு அது பொருந்தும். நாம் வழியையும் எழுதிவைப்போம்: எந்த நாள், எத்தனை மணி, எங்கே நின்று பார்த்தோம், யார் சொன்னார்.

1856-இல் ரயில் ஓடத் தொடங்கிய ராயபுரம் நிலையமும், திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதியும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே எண்ணூருக்குப் போய்விடுவோம்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசிந்து கரையில் தார்க்குழம்பாக ஒதுங்கியது. வாளி வாளியாக மனிதர்கள் கையால் அள்ளினார்கள். அன்று அதைப் பார்த்த பள்ளி மாணவர்கள் இன்று வளர்ந்துவிட்டார்கள். எத்தனை பேர் எழுதிவைத்தார்களோ! அந்த எண்ணெய் திருவொற்றியூரைக் கடந்து மெரினா வரைக்கும், அதற்கு அப்பாலும் பரவியது. அதாவது தெற்கே! மணல் வடக்கே போகிறது என்று இப்போதுதானே படித்தீர்கள்?

மாதத்தைப் பாருங்கள்: ஜனவரி. வாடைக் காற்று வீசும் காலம். மேல்நீர் தெற்கு நோக்கி ஓடும் பருவம்.

இதை நீங்களே சோதிக்கலாம். பெரியவர் ஒருவரின் துணையோடு கரைக்குப் போய், நீரில் இறங்காமல், அலை மடியும் இடத்தில் ஒரு தென்னை மட்டையை எறியுங்கள். பத்து நிமிடத்தில் அது எந்தப் பக்கம், எத்தனை காலடி நகர்ந்தது என்று கரையோடு நடந்து எண்ணுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை. இரண்டு குறிப்பையும் ஒரே பக்கத்தில் எழுத இடம் விட்டுவைப்பது நல்லது.