மலைப்பாதையில் ஒரு கூட்டுறவு

வடநாட்டில் குடியேறி வாழும் நம்மில் பலர் வீடு கட்டுங்கால் சிமெண்டு மூட்டைகளை எண்ணி இறக்கியிருப்போம். அம்மூட்டைகள் எவருடைய லாரியில் ஏறி வந்தன என்று எண்ணியவர் சிலரே. இமாசலப் பிரதேசத்துப் பிலாஸ்பூர் மாவட்டத்தில் பர்மாணா என்றோர் ஊர் உளது. அங்கிருந்து சிமெண்டு ஏற்றிப் புறப்படும் லாரிகளுக்கு ஒரு வரலாறு உண்டு.

சட்லெஜ் நதியின் குறுக்கே எழுந்த பக்ரா அணை 1963-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கமாகிய கோவிந்த சாகரத்தில் பழைய பிலாஸ்பூர் நகரமும் அதைச் சூழ்ந்த விளைநிலங்களும் மூழ்கின. சமவெளி நாடுகள் நீரும் மின்சாரமும் பெற்றன; ஆற்றங்கரை உழவரோ மேட்டு நிலம் நோக்கி ஏறினர். 1984-இல் பர்மாணாவில் சிமெண்டு ஆலை ஏற்பட்டபோது மீண்டும் பலர் நிலம் கொடுத்தனர். நிலம் போனபின் பிழைப்புக்கு வழி யாது? கடன்பட்டேனும் வாங்கிய ஒரு லாரியே பல குடும்பங்களுக்கு விடையாயிற்று.

தனி லாரிக்காரர் பெரிய ஆலையோடு வாடகை பேசுதல் அரிது. ஆகவே அவர்கள் கூட்டுறவை நாடினர். நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டமே பிற தொழில்களுக்கும் வாயில் திறந்தது. அவ்வழியில் வந்ததே பிலாஸ்பூர் மாவட்ட லாரி உரிமையாளர் கூட்டுறவுப் போக்குவரத்துச் சங்கம். அணையால் இடம் பெயர்ந்தோரும் ஆலைக்கு நிலம் தந்தோரும் அதன் உறுப்பினருள் உளர்.

இத்தகைய சங்கத்தில் லாரி அவரவர்க்குரியது. பாரம் மட்டும் பொதுவானது. ஆலை தரும் சரக்கைச் சங்கம் ஏற்று, வரிசைப்படி லாரிகளுக்குப் பங்கிடுகிறது. வாடகையைப் பெற்று, தன் செலவுக்கு ஒரு சிறு பகுதியைப் பிடித்துக்கொண்டு, எஞ்சியதை உரியவரிடம் சேர்க்கிறது. செல்வாக்குடையவர் முன்னே செல்லலாகாது. தன் முறை வரும்வரை எவரும் காத்திருத்தல் வேண்டும். ‘ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு’ என்னும் கூட்டுறவு நெறியின் சாலை வடிவம் இதுவே எனலாம்.

இந்நெறிக்குச் சோதனை 2022-இல் வந்தது. வாடகை மிகுதி என்று கூறி, டிசம்பர் 15-ஆம் நாள் பர்மாணா, தார்லாகாட் ஆகிய ஈரூர் ஆலைகளையும் நிருவாகத்தார் மூடினர். 67 நாட்கள் லாரிகள் நின்றன. கடன் தவணையோ நிற்கவில்லை. பழுது பார்ப்போரும் வழிக்கடை உணவகத்தாரும் உடன் வாடினர். 2023 பிப்ரவரி 20-ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. பர்மாணாவில் டன்னுக்குக் கிலோமீட்டர் ஒன்றுக்கு 11 ரூபாய் 41 காசாக இருந்த வாடகை, ஒற்றை அச்சு லாரிக்கு 10 ரூபாய் 30 காசாகவும், பல அச்சு லாரிக்கு 9 ரூபாய் 30 காசாகவும் குறைந்தது. ஒற்றை அச்சு லாரி பத்து டன் ஏற்றி நூறு கிலோமீட்டர் சென்றால், ஒரு நடைக்கு 1,110 ரூபாய் இழப்பு என்பது கணக்கு.

ஆலையின் வாதத்திலும் சிந்திக்கத்தக்கது உண்டு. சரக்கினும் லாரிகள் மிகுந்தால் ஒவ்வொருவருக்கும் கிட்டும் நடை குறையும். குறைந்த நடையில் குடும்பம் நடத்த வாடகை உயர வேண்டும். வாடகை உயர்ந்தால் மூட்டையின் விலையும் உயரும். எல்லார்க்கும் இடமளிக்கும் பண்பே சங்கத்தின் பெருமை. அதுவே அதன் சுமையுமாகும்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. நாட்டின் நன்மைக்காக ஊரை இழந்தவர்கள் இவர்கள். தமக்குள் முண்டியடியாமல், கிடைத்ததைப் பகிர்ந்து வாழ ஒரு வரிசையை அமைத்துக்கொண்டனர். அடுத்த முறை நம் வாயிலில் சிமெண்டு லாரி வந்து நிற்கும்போது, அதன் ஓட்டுநர் எத்தனை நாள் வரிசையில் காத்திருந்தார் என்று ஒரு கணம் எண்ணுவோமாக.