பால்வினைத் தொற்றுகள்: பரிசோதனையும் முடிவு அறிவித்தலும்

பால்வினைத் தொற்றுகளுட் பல அறிகுறியின்றியே உடலில் தங்குகின்றன. குணப்படுத்தத்தக்க இத்தகைய தொற்றுகள் உலகில் நாள்தோறும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டுப் புதிதாக ஏற்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அறிகுறி தோன்றிய பின் மருத்துவரை நாடுவது என்னும் வழக்கம் இங்குப் பயன்படாது. பரிசோதனை ஒன்றே வழி. ஆயினும் பரிசோதனை என்பது குருதி எடுப்பதோடு முடிந்துவிடுவதாகக் கருதப்பட்டு வந்துள்ளது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் ஈடுபட்டமைக்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் குருதி திரட்டினார். மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. நாட்டையே விழிப்படையச் செய்த ஆய்வு அது. எதற்கான சோதனை என்பது மட்டும் அப்பெண்களிடம் சொல்லப்படவில்லை.

முப்பது ஆண்டுகள் கடந்தும் அக்குறை நீங்கவில்லை என்பதற்குச் சங்கரன்கோவில் வட்டத்தை அடுத்துள்ள விருதுநகர் மாவட்டமே சான்று. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுடைய குருதி ஏற்றப்பட்டது. கொடையளித்த இளைஞருக்கு 2016இலேயே தொற்று கண்டறியப்பட்டும் அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை எனச் செய்திகள் கூறின. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் உண்மை அறிந்த அவர், தாமே குருதி வங்கிக்குத் தெரிவித்தார். அம்மாத இறுதிக்குள் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்குப் பரிசோதனை நடக்காமல் இல்லை. முடிவு உரியவரைச் சேரவில்லை.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், இசைவு பெற்றே சோதிக்க வேண்டும் என்றும் மந்தணம் காக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனைக்கு முன்னும் பின்னும் ஆற்றுப்படுத்துதல் இலவசமாக வழங்கப்படுகிறது. தொற்றிய தொடக்க வாரங்களில் குருதிச் சோதனை அதனைக் காட்டாதிருக்கலாம் என்பதால், ஒருமுறை சோதித்தல் போதாது. அடுத்த சோதனைக்குரிய காலத்தை அறிவிப்பதும் ஆற்றுநரின் கடன்.

'பால்வினை' என்னும் சொல்லிலேயே செய்த வினையின் பயன் என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசைத்தறிக் கூடத்தில் உடன் வேலை செய்பவரே பக்கத்து வீட்டிலும் வாழும் சங்கரன்கோவில் போன்ற ஊரில், முடிவு பிறர் செவிக்கு எட்டிவிடும் என்ற அச்சம் ஒருவரை மையத்தின் வாயிலிலிருந்தே திருப்பியனுப்பப் போதுமானது.